ஒன்பதாவது சாமான்

ஸலாஹுதீன் வீட்டு முற்றத்தில் ஒரு தென்னை மரம் நிற்கிறது என்று நீங்கள் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது மரம் இல்லை, சாமான். கதிரையும் அலுமாரியும் தையல் மெஷினும் எப்படிச் சாமானோ அப்படி. மரமென்றால் மண்ணில் நிற்க வேண்டும். இது தார்ப் பீப்பாயில் நிற்கிறது. பீப்பாயைத் தூக்கி வண்டிப் பெட்டியில் ஏற்றினால் கூடவே வந்துவிடும். கூடவே வருகிற பொருளுக்குச் சாமான் என்றுதானே பேர் என்று கேட்பார். இருபத்தைந்து அடி உயரத்தில் குலை தள்ளிக்கொண்டு நிற்கிற அந்தச் சாமானை அண்ணாந்து பார்த்துவிட்டு நாமும் ஓமென்று தலையாட்ட வேண்டியதுதான்.

நுரைச்சோலையைத் தாண்டி, கற்பிட்டி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் மணல் பாதையில் அவருடைய வீடு. சுவரோரம் ஒன்பது சாமான்கள் வரிசையாக நிற்கும். கறிவேப்பிலை, ரம்பை, மருதோன்றி, கற்றாழை, மாதுளை, கொய்யா, முருங்கை, தேசிக்காய், தென்னை. சிறியவை பெயின்ட் வாளியில், பெரியவை பீப்பாயில். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் இலக்கம் போட்டிருக்கிறது. ஏற்ற வேண்டிய ஒழுங்கு அது. அதே பட்டியல் வாசற்கதவின் உட்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிடலாம் என்பது அவருடைய கணிப்பு. எங்கே போவதற்கு என்று கேட்டால், போகச் சொன்னால் போவதற்கு என்பார்.

தொழிலும் அவருக்கு அதற்கேற்ற மாதிரித்தான் வாய்த்தது. இரண்டு சில்லு உழவு மெஷின், லேண்ட்மாஸ்டர் ஒன்று வைத்திருக்கிறார். பின்னால் பெட்டியைப் பூட்டி வெங்காயம், கருவாடு, கிடுகு, வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டு எல்லாம் ஏற்றுவார். ஒருமுறை தாலங்குடாப் பக்கம் ஒரு பெட்டிக்கடையை, உள்ளே இருந்த கடைக்காரரோடும் வாழைக்குலையோடும் சேர்த்து அப்படியே ஏற்றிக் கொண்டுபோய் அடுத்த சந்தியில் இறக்கினார். உலகத்தில் உள்ளதெல்லாம் அவருக்கு இரண்டு வகை. ஏற்றக் கூடியது, ஏற்ற முடியாதது. இரண்டாவது வகையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அந்த நம்பிக்கையீனம் சும்மா வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில், ஆயுதத்தோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம்களையெல்லாம் போகச் சொன்னார்கள், போனார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, நஃபீஸாவை நிக்காஹ் செய்து இரண்டு மாதம். கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த படகில் எல்லோரும் வீட்டையும் நகையையும் சொல்லி அழுதார்கள். ஸலாஹுதீன் அழுதது வேலியோரம் நின்ற முருங்கைக்காக. அலுமாரியைக் கொண்டுவர விடவில்லை என்றால் அது அவர்களுடைய அநியாயம். முருங்கையைக் கொண்டுவர முடியாமல் போனது தன்னுடைய மடத்தனம் என்று அவர் நினைத்தார். மண்ணில் வைத்தபடியால்தானே முடியாமல் போனது?

நாற்பத்திரண்டு குடும்பங்கள் வந்து இறங்கிய தென்னங்காணி சாஹுல் ஹமீது ஹாஜியாருடையது. அவர் நல்ல மனிதர். குடிசை போடுங்கள், கிணற்றில் அள்ளுங்கள், ஓலை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றே ஒன்றைத்தான் வேண்டாம் என்றார். மரம் வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. காணி யாருடையதாக இருந்தாலும், தென்னை வைத்தவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டென்று பேச்சு வந்துவிடும். ஹாஜியாரின் சகோதரர்கள் அதைச் சொல்லியே அவரை நச்சரித்திருந்தார்கள். சரி ஹாஜியார், வாக்கு என்று எல்லோருக்கும் முன்னால் நின்று கையைக் கொடுத்தவர் ஸலாஹுதீன்.

வாக்குக் கொடுத்து மூன்றாம் மாதம் நஃபீஸா கறிவேப்பிலை கேட்டாள். ஸலாஹுதீன் யோசித்துவிட்டு, மண்ணில்தானே வைக்க வேண்டாம் என்றார் என்று ஒரு பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைக் கன்றை வைத்தார். பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் காணி பார்க்க வந்த ஹாஜியார், வரிசையாக நின்ற வாளிகளைக் கண்டு திகைத்துப்போனார். மரமும்தான், மரமில்லையும்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு வாளியைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசைந்தது. அடுத்ததையும் தள்ளினார். அதுவும் அசைந்தது. சரி என்று சொல்லிவிட்டு, நஃபீஸா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அது நடந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் வருவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கப்படி தள்ளிப் பார்ப்பார். அசையும். பிறகு கதிரையில் உட்கார்ந்து பொழுது பட்டு மஃரிபு பாங்கு கேட்கும் வரை கதைத்துக்கொண்டிருப்பார். கூட வந்த குடும்பங்களில் அரைவாசி வேறு இடங்களில் சொந்தக் காணி வாங்கிப் போய், தென்னையும் மாவும் வைத்து அனுபவித்தன. சண்டை முடிந்த பிறகு சில மன்னாருக்குத் திரும்பின. ஸலாஹுதீனும் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே நீங்கள் எப்போது என்று கேட்டார்கள். இங்கேயும் நீங்கள் எப்போது என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். சாமான் ரெடி.

இப்படி ரெடியாகவே இருபத்தாறு வருஷம் போயிருந்தபோதுதான் ஹஃபீலா என்ற பிள்ளை வந்தாள்.

புத்தளம் டவுனில் வீடு, கெம்பஸில் கடைசி வருஷம். மனிதர்களுக்கும் இயற்கைக்கும் இடையில் மனதில் என்ன உறவு இருக்கிறது என்று ஆய்வு செய்கிறாளாம். தென்னையின் நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒரு படத்தை நீட்டினாள். அதில் இரண்டிரண்டு வட்டமாக ஏழு சோடி இருந்தது. முதல் சோடியில் வட்டங்கள் தள்ளித்தள்ளி நின்றன. போகப்போகக் கிட்ட வந்து, கடைசிச் சோடியில் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது.

“இந்த வட்டம் நீங்க, அந்த வட்டம் இயற்கை. எந்தப் படம் ஒங்களுக்குப் பொருந்தும், அங்கிள்?”

ஸலாஹுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இதில் பீப்பாய் எங்கே என்று கேட்டார். பீப்பாய் இல்லையென்று அவள் சொன்னாள். அப்படியானால் முதலாவது படம்தான் சரி என்று, தள்ளி நின்ற இரண்டு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். ஏன் அது என்று அவள் கேட்டாள்.

“தூக்கிறதுக்கு நடுவுல கை போகணுமே, மகள்.”

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று பிள்ளைக்குத் தெரியவில்லை. மரம் செடிகளோடு கதைப்பீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போனாள். இல்லை, நமக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றவர், அப்படியே திரும்பிக் கொய்யாவிடம், கேட்டுக்கொண்டு நிற்காமல் காய்க்கிற வேலையைப் பார் என்று ஒரு அதட்டுப் போட்டார். முற்றத்தில் எத்தனை மரம் நிற்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார். தென்னோலையின் நிழல் அவளுடைய தாளில் ஆடிக்கொண்டிருந்தது. பூச்சியம் என்று எழுதினாள். மேலே பார்த்தாள். அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். ஸலாஹுதீன் எட்டிப் பார்த்துவிட்டு, பொய் எழுத வேண்டாம், படிக்கிற பிள்ளை நீங்கள் என்றார். அதையும் அழித்தாள். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

“அப்ப இந்தத் தென்ன அசையுமா, அங்கிள்?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் அதில் கேலி தெரியவில்லை. அசையாமல் என்ன என்று எழும்பிப் போய் ஒன்பதாம் இலக்கப் பீப்பாயில் தோளைக் கொடுத்தார். அசையவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்தால் தள்ளினார். அசையவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றியது, ஈரம் பிடித்திருக்கும் என்றார். முதுகைக் கொடுத்துத் தள்ளினார். பீப்பாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை, அவருடைய செருப்பு இரண்டும்தான் மணலுக்குள் போயின. ஹஃபீலா மரியாதைக்காரப் பிள்ளை. எத்தனை மரம் என்ற கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு போனில் கோல் எடுத்துக் கேட்கிறேன் என்று கிளம்பினாள்.

அவள் பாதை திரும்பும்வரை பொறுத்திருந்து, ஸலாஹுதீன் மண்வெட்டியை எடுத்தார். ளுஹர் நேரத்து உச்சி வெயிலில் பீப்பாயின் அடியைச் சுற்றித் தோண்டினார். கையை விட்டுத் துழாவினார். பீப்பாய்க்கு அடித்தகடே இல்லை. கடற்காற்றிலும் ஊற்றிய தண்ணீரிலும் எப்போதோ துருப்பிடித்துக் கொட்டிப்போயிருந்தது. தென்னை கைப் பருமனில் கட்டுக்கட்டாக வேர் விட்டு இறங்கி, ஹாஜியாரின் மண்ணுக்குள் நாலா பக்கமும் போயிருந்தது. பீப்பாய் என்று அவர் நினைத்திருந்தது, மரத்துக்கு உடுத்திவிட்ட ஒரு தகரச் சாரம். அவ்வளவுதான்.

தோண்டிய குழியோரம் அப்படியே குந்தினார். நஃபீஸா வந்து பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. அந்தத் தென்னை பதினாறு வருஷம் முழங்கை நீளத்துக்கு ஓலை விட்டுக்கொண்டு நோயாளியாக நின்றது. சண்டை முடிந்த வருஷம் திடீரென்று கிளம்பியது. இரண்டே வருஷத்தில் பாளை விட்டது. அரிசி கழுவிய தண்ணீர் என்று ஸலாஹுதீன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

“அது காய்ச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். பீப்பாக்குள்ள நிக்கிற தென்ன வருஷத்துக்கு அறுவது காய் காய்க்குமா?” என்றாள் நஃபீஸா.

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“தேங்கா தேவப்பட்டிச்சி.”

ஸலாஹுதீனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் பயந்தது காணியை விட்டு எழும்பச் சொல்வார்களே என்பதற்காக மட்டும் இல்லை. எழும்புவது அவருக்குக் கைவந்த வேலை. கையைக் கொடுத்துச் சொன்ன வாக்கு, அவருக்குத் தெரியாமலே, அவருடைய சொந்த முற்றத்திலேயே கெட்டுப்போயிருந்தது. ஒன்றுமில்லாமல் வந்து இறங்கிய நாளில் அந்த மனிதருக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்த ஒரு வாக்குத்தான். அதைத் தின்று வளர்ந்த தேங்காயில் பால் எடுத்து, அதில் வட்டிலப்பம் அவித்து, ஹாஜியாருக்கே ஊட்டியிருக்கிறோமே என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

அது போதாதென்று இரண்டாம் நாள் ஹாஜியார் வீட்டிலிருந்து தகவல் வந்தது. ஆறேழு வருஷமாக ஹாஜியாருக்கு இடுப்பு வருத்தம். தள்ளிப் பார்க்கிற வேலையை வாளிகளோடு நிறுத்திக்கொண்டு, பெரிய பீப்பாய்களை ஊன்றுகோலால் டொங்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சரி என்பதுதான் வழக்கமாகியிருந்தது. இந்த முறை அவருடைய மகன் ஃபைஸல் கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருக்கிறான். வாப்பாவுக்கு ஏலாது, நான் வந்து ஒவ்வொன்றாக ஒழுங்காக ஆட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஃபைஸல் அங்கே பத்து வருஷம் கட்டட வேலை பார்த்தவன். அவன் ஆட்டிப் பார்த்தால் சுவரும் கொஞ்சம் அசையும்.

பெருநாள் மூன்றாம் நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

முதலில் கோடரியைத் தீட்டினார். வெட்டிவிட்டால் வாக்குச் சுத்தம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோடரியை ஓங்கியவர், ஓங்கியபடி நின்றார். தன்னை அறியாமல் அந்தத் தென்னையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒரு சாமானிடம் மன்னிப்புக் கேட்டதில் அவருக்கே அவர்மேல் கோபம் வந்தது. அலுமாரியிடம் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? கோபத்தோடு மறுபடி ஓங்கினார். மறுபடி இறக்கினார். கோடரியைக் கொண்டுபோய் மூலையில் சாத்திவிட்டு, நஃபீஸா காணாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு லேண்ட்மாஸ்டரைப் பூட்டினார். வேரோடு பிடுங்கிப் புதுப் பீப்பாயில் வைத்துவிடலாம் என்பது யோசனை. தென்னைக்கும் லேண்ட்மாஸ்டருக்கும் நடுவில் மீன்பிடிக் கயிற்றை மூன்று மடிப்பாகக் கட்டினார். எஞ்சின் முழு வேகத்தில் கத்தியது. சில்லுகள் சுற்றின. தென்னை நின்ற இடத்திலேயே நின்றது. லேண்ட்மாஸ்டர்தான் தன்னுடைய குழியைத் தானே தோண்டிக்கொண்டு அச்சுவரை மண்ணுக்குள் இறங்கியது. பாதையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, என்ன ஸலாஹுதீன் நானா, லேண்ட்மாஸ்டரையும் நட்டுவிட்டீர்களா என்று கேட்டுப் போனார்கள். அதை வெளியே எடுக்க ஒரு பகல் போனது.

குழிக்குள் நின்று சில்லைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. ஹாஜியார் பார்க்கிறது என்ன? பீப்பாய் அசைகிறதா என்று. மரம் அசைகிறதா என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டாரா? இல்லை. அடியில்லாத பீப்பாய் வெறும் வளையம். உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் வளையம் தாராளமாக அசையும். பீப்பாய் அசைந்தால் வாக்கு நிற்கிறது. இதைப் பள்ளிவாசலில் வைத்து விசாரித்தாலும் தன் பக்கம்தான் தீர்ப்பு வரும் என்று அவருக்குத் தோன்றியது.

நாலு நாள் வேலை செய்தார். கரண்டியாலும் கையாலும் பீப்பாய்க்குள் இருந்த மண்ணை அள்ளினார். வேர்களைக் காயப்படுத்தாமல் ஒவ்வொரு வேர்க்கட்டுக்கும் ஈரச் சாக்குச் சுற்றினார். மேல் வாயில் சும்மா பார்வைக்குத் தென்னந்தும்பு பரப்பினார். வளையத்துக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒன்பது என்ற இலக்கத்தை வடிவாக எழுதினார். இவ்வளவு செய்தவர், இந்த நாலு நாளும் அந்த மரத்துக்கு ஸலாம் சொல்லித்தான் காலையில் வேலையைத் தொடங்கினார் என்று நஃபீஸா பின்னால் எல்லோருக்கும் சொன்னாள். அவர் மறுக்கிறார்.

பெருநாள் மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். எண்பத்தொரு வயது, ஃபைஸலின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஃபைஸல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கறிவேப்பிலையில் தொடங்கினான். ஒன்று அசைந்தது. இரண்டு, மூன்று, நாலு வாளிகள் துள்ளின. மாதுளையும் கொய்யாவும் அசைந்தன. முருங்கைப் பீப்பாயை அவன் ஒரு முழம் தள்ளியே விட்டான். தேசிக்காயும் அசைந்தது. ஸலாஹுதீன் மனதுக்குள் ஓதிக்கொண்டு நின்றார். ஹாஜியார் ஊன்றுகோலைத் தரையில் தட்டி, மகன், போதும், அந்தத் தென்னையை விடுங்கள் என்றார். ஃபைஸல் கேட்கவில்லை. அதுதானே வாப்பா முக்கியம் என்று ஒன்பதாம் இலக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான்.

அசைந்தது. தாராளமாகவே அசைந்தது. முன்னால் போய் மரத்தில் டொங்கென்று மோதியது. பின்னால் இழுத்தான், பின்பக்கம் டொங்கென்றது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், ராட்டினம் போலச் சுற்றியது. தும்பெல்லாம் கொட்டிப்போனது. தென்னை நடுவில் ஓலை ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. ஃபைஸல் கையை எடுத்துவிட்டுப் பீப்பாயைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். வாப்பாவைப் பார்த்தான்.

“பீப்பா அசையுது, வாப்பா. மரம் அசையல்ல.”

ஸலாஹுதீன் தயாராக வைத்திருந்த நியாயங்களையெல்லாம் விட்டுவிட்டார். வளையத்தின் விளிம்பைத் தானே தூக்கி, சாக்குச் சுற்றிய வேர்களைக் காட்டினார். பிறகு உள்ளே போய் மூலையில் சாத்தியிருந்த கோடரியைக் கொண்டுவந்து ஹாஜியாரின் காலடியில் வைத்தார்.

“அடித்தகடு போனது எனக்குத் தெரியாது, ஹாஜியார். அல்லாஹ் அறிய. நான் வெட்டப் பாத்தன், கை வரல்ல. ஃபைஸல் தம்பி வெட்டட்டும், நான் உள்ளுக்குப் போய் நிக்கிறன். இல்லாட்டி எங்களப் போகச் சொல்லுங்க. மத்த சாமானெல்லாம் ரெடி.”

ஹாஜியார் கோடரியைப் பார்க்கவில்லை. ஸலாஹுதீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவருக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் அது கோடரிமேல் வந்த கோபம்.

“ஏழு வருஷத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும், தம்பி. அந்த வருஷம்தான் நான் கடைசியாத் தள்ளிப் பாத்தது. அசையல்ல. பொறகு தள்ளவே இல்ல, தடியால தட்டிப்போட்டு சரி எண்டுதான் சொன்னன். இடுப்பு வருத்தம் எண்டது பொய்.”

“பொறகு ஏன் எனக்குச் சொல்லல்ல, ஹாஜியார்?”

“சொன்னா நீங்க வெட்டிப்போட்டிருப்பீங்க.”

அது உண்மை. ஏழு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஸலாஹுதீன் நிச்சயமாக வெட்டியிருப்பார். நஃபீஸா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். ஹாஜியார் மெதுவாக மற்றதையும் சொன்னார். முதல் இரண்டு மூன்று வருஷம் அவர் தள்ளிப் பார்த்தது அசையவேண்டும் என்றுதான், சகோதரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அந்தச் சகோதரர்களும் மௌத்தாகி மண்ணுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளும் ஏதாவது ஒன்று அசையாமல் நிற்காதா என்றுதான் வந்து தள்ளினாராம். எல்லாம் அசைந்தது. அசைந்தது என்றால் இந்த மனிதர் இன்னும் போகிற எண்ணத்தில் இருக்கிறார் என்று வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாமென்று படுத்துவிடுவாராம். சண்டை முடிந்த வருஷம் வாசலில் லேண்ட்மாஸ்டர் நிற்குமோ என்று பயந்துபயந்து வந்தாராம். அன்றுதான் தென்னை அசையவில்லை.

ஸலாஹுதீன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். அழுதாரா என்றால் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு முருங்கைக்காக அழுததற்குப் பிறகு அவர் மற்றவர்கள் காண அழுதது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஹஃபீலா. ஆய்வைக் கொடுக்க நாள் வந்துவிட்டது, அந்த ஒரு கேள்வி மட்டும் வெறுமையாக இருக்கிறது, முற்றத்தில் எத்தனை மரம் என்று ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று பிள்ளை மன்றாடினாள். ஸலாஹுதீன் தென்னையை அண்ணாந்து பார்த்தார்.

“எழுதுங்க, மகள். மரம் ஒண்டு. சாமான் எட்டு.”

சாமானுக்குத் தாளில் கட்டம் இல்லை என்று அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

நஃபீஸா வட்டிலப்பமும் பிளேன்டீயும் கொண்டுவந்தாள். ஃபைஸல் கோடரியை எடுத்துக்கொண்டுபோய், வேறென்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளக்கத் தொடங்கினான். ஹாஜியார் ஒரு கரண்டி வட்டிலப்பம் எடுத்தார், வைத்தார். அவர் முகம் திடீரென்று வாடிப்போயிருந்தது.

“அப்ப அடுத்த வருஷம் நான் என்னத்துக்கு வாறது?”

ஸலாஹுதீனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மரம் வேர் விட்டுவிட்டது. இனிப் பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லையென்றால், எண்பத்தொரு வயது மனிதர் பெருநாள் மூன்றாம் நாள் ஊன்றுகோலோடு இந்த மணல் பாதையில் எந்தச் சாட்டில் இறங்குவார்?

“எட்டு நிக்குதே, ஹாஜியார். அதுகள யார் பாக்கிறது?”

ஹாஜியார் வரிசையைப் பார்த்தார். யோசித்தார். யாரும் கை கொடுக்கமுன் ஊன்றுகோலைக் கதிரையில் சாத்திவிட்டு எழும்பி, எந்த வருத்தமும் இல்லாத இடுப்போடு நடந்துபோய், எட்டாம் இலக்கத் தேசிக்காய்ப் பீப்பாயை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். அது அசைந்தது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். அப்போதும் அசைந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“தண்ணி காணாது போல. நல்லா ஊத்துங்க” என்றார்.